ஜெரிமேண்டர்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஒரு கட்சிக்கு ஆதாயம் கிடைக்கும்படி தேர்தல் தொகுதியின் எல்லையை வளைத்து வரைவதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல் 'ஜெரிமேண்டர்'. இதில் கள்ள ஓட்டு கிடையாது, எண்ணிக்கையில் தில்லுமுல்லும் கிடையாது. கோடுதான் கோணல்.

1812 பிப்ரவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி, மாநில செனட் (மேலவை) தொகுதிகளைத் தன் கட்சிக்குச் சாதகமாகப் பிரித்த சட்டத்தில் கையெழுத்திட்டார். எசெக்ஸ் பகுதியில் ஒரு தொகுதி ஒல்லியாக வளைந்து கிடந்தது. அதன் வரைபடத்துக்குச் சிறகும் நகமும் வரைந்து, மார்ச் 26 அன்று வெளியிட்டது 'பாஸ்டன் கெசட்' பத்திரிகை. பல்லி போலிருக்கும் 'சாலமாண்டர்' என்ற உயிரியின் பெயரில் பின்பாதியை வெட்டி, கெர்ரியோடு ஒட்டியதில் பிறந்தது இந்தச் சொல். அந்த ஆண்டு செனட் தேர்தலில் எதிர்க்கட்சிக்கு 51,766 ஓட்டு, 11 இடம். கெர்ரியின் கட்சிக்கு 50,164 ஓட்டு, 29 இடம்! ஆளுநர் தேர்தலில் கெர்ரியே தோற்றுப்போனார். அவர் பெயரில் 'கெ' என்று ஒலிப்பதே சரி. சொல்லில் அது 'ஜெ' ஆகிவிட்டது.

சூட்சுமத்தைப் போட்டுப் பார்க்கலாம். 15 வாக்காளர்கள், ஐந்து பேருக்கு ஒரு தொகுதி. சிவப்புக்கு 9 பேர், நீலத்துக்கு 6 பேர். சிவப்பில் ஐவரை ஒரே தொகுதியில் அடைத்துவிட வேண்டும். மீதி நால்வரை இரண்டிரண்டாகச் சிதறடிக்க வேண்டும். அந்த இரண்டு தொகுதிகளிலும் நீலம் 3–2 என வெல்லும். சிறுபான்மைக்கு இரண்டு, பெரும்பான்மைக்கு ஒன்று.

தமிழில் இதைத் 'தொகுதி மறுவரையறை' என்று எழுதுவது தவறு. அது மக்கள்தொகைக்கேற்ப எல்லையை மாற்றும் பணியின் பொதுப்பெயர். அதில் உள்நோக்கம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 'தேர்தல் மோசடி' என்பதும் மிகப் பரந்த சொல். 'தொகுதி திரித்தல்' பொருந்தும் என்பது என் கருத்து. முறுக்குவது, உண்மையை மாற்றுவது என்ற இரு பொருளும் 'திரி'யில் உண்டு. 'கயிறு திரிக்கிறான்' என்று சொல்கிறோமே! வினையாக வரும்போது, 'ஆளுங்கட்சி தொகுதிகளைத் திரித்துவிட்டது' என்று எழுதலாம். தேர்தலைத் திரித்தார்கள் என்று எழுதக் கூடாது, திரிக்கப்படுவது எல்லைதான்.

ஒரு தொகுதியில் 2 லட்சம் பேர், இன்னொன்றில் 5 லட்சம் பேர் என்றிருந்தால் அது வேறு கோளாறு. மேலே பார்த்த கணக்கில் மூன்று தொகுதிகளிலும் சமமாக ஐந்தைந்து பேர்தான்.