குழந்தையின் இதயத்தில் முணுமுணுப்பு: சத்தத்தை விடுங்கள், பால் குடிப்பதைக் கவனியுங்கள்

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போன இடத்தில், டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "மர்மர் மாதிரி கேக்குது, ஒரு எக்கோ பாத்துடுங்க" என்கிறார். மர்மர் என்பது இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கும் முணுமுணுப்பு; எக்கோ என்பது ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை. வீட்டில் எழும் முதல் கேள்வி: பிறந்தபோது எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதானே சொன்னார்கள்? அன்று பார்த்தவர் கோட்டை விட்டுவிட்டார் என்று முடிவு கட்ட வேண்டாம். அன்று அந்தச் சத்தமே இல்லாமல் இருந்திருக்கலாம்.

கருவில் இருக்கும்வரை நுரையீரலுக்கு வேலையில்லை. அதன் ரத்தக் குழாய்கள் இறுகிக் கிடக்கும். முதல் அழுகையோடு நுரையீரல் விரிந்தாலும், அந்தக் குழாய்களின் அழுத்தம் ஒரே நாளில் இறங்கிவிடாது. படிப்படியாக இறங்க 4 முதல் 6 வாரம் ஆகும். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விஎஸ்டி என்று ரிப்போர்ட்டில் எழுதுவது இதைத்தான்; பிறவி இதயக் குறைகளில் அதிகம் காணப்படுவதும் இதுதான். முதல் சில நாட்களில் இரண்டு பக்க அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், ஓட்டை வழியே ரத்தம் பெரிதாகப் பாயாது. பாயாத இடத்தில் சத்தம் ஏது? நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பும் வலப்பக்கத்தின் அழுத்தம் இறங்க இறங்க, இடப்பக்கத்து ரத்தம் அந்த வழியாகச் சீறத் தொடங்கும். அந்தச் சீறல்தான் முணுமுணுப்பு.

தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் இரைந்து பீய்ச்சும். விரலை எடுத்தால் அடங்கிவிடும். சின்ன ஓட்டை பெரிய சத்தம் போடுவதும் பெரிய ஓட்டை அடங்கி ஒலிப்பதும் இதனால்தான். டாக்டர்கள் முணுமுணுப்பை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். நான்கிலிருந்து மேலே போனால் நெஞ்சில் கை வைத்தாலே அதிர்வு தெரியும். அந்த எண் சத்தத்தின் அளவே தவிர, ஆபத்தின் அளவல்ல. தசைப் பகுதியில் இருக்கும் சின்ன ஓட்டைகளில் பெரும்பாலானவை ஓரிரு வயதுக்குள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. குறையே இல்லாத இதயத்திலும் முணுமுணுப்பு கேட்கும். நுரையீரலுக்குப் பிரியும் கிளைக் குழாய்கள் பிறந்த புதிதில் ஒடுங்கலாக இருப்பதால் அக்குளிலும் முதுகிலும் கேட்கும் சத்தம், பொதுவாக 6 மாதத்துக்குள் மறைந்துவிடும். காய்ச்சலோ ரத்தசோகையோ இருந்தால் சத்தம் கூடும்.

ஆகவே வீட்டில் பார்க்க வேண்டியது பால் குடிக்கும் நேரத்தை. கைக்குழந்தைக்கு அதுதான் உடற்பயிற்சி. இதயம் திணறினால் முதலில் அங்கேதான் தெரியும். நாலு வாய் உறிஞ்சிவிட்டு மூச்சு வாங்க நிறுத்துவது, அரை மணி நேரமாகியும் வயிறு நிறையாதது, பாதியிலேயே களைத்துத் தூங்கிக் கொஞ்ச நேரத்தில் பசியோடு அழுவது ஆகியவை கவனிக்க வேண்டியவை. நெற்றி வியர்ப்பதும் ஒரு அறிகுறிதான். ஆனால் சித்திரை, வைகாசியில் கடலூர்ப் புழுக்கத்துக்கு எந்தக் குழந்தைக்குத்தான் வியர்க்காது? விடியற்காலையில், ஃபேனுக்கடியில், அம்மாவுக்கு வியர்க்காதபோது குழந்தையின் நெற்றி மட்டும் நனைகிறதா என்று பாருங்கள். அப்படியானால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எடை பொய் சொல்லாது. முதல் 3 மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே தராசில், துணி இல்லாமல் நிறுங்கள்.

மூச்சை எண்ணுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு தப்பும். ஏனென்றால், பச்சைக் குழந்தைகள் சில விநாடி வேகமாக மூச்சு விட்டு, சற்று நிறுத்தி, மறுபடி தொடங்குவார்கள். 2 மாதத்துக்குள் 60-ம், அதற்குமேல் ஒரு வயதுவரை 50-ம் வேகமான மூச்சுக்கான எல்லை. இரண்டு முறை எண்ணியும் எல்லையைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, அன்றே காட்டுங்கள்.

கை கால் விரல்கள் நீலம் பாரிப்பது பிறந்த புதிதில் சகஜம். நாக்கும் ஈறும் நீலமாக இருப்பது சகஜமல்ல. மாநிறக் குழந்தைகளிடம் லேசான நீலம் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், பிறந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வைத்துப் பார்ப்பது நல்ல வழக்கம். இரண்டு இடத்திலும் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு 95 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, இரண்டுக்கும் வித்தியாசம் 3-க்குள் இருந்தால் தேறியது. 90-க்குக் கீழே என்றால் உடனே இதயத்தைச் சோதிக்க வேண்டும். டாக்டர் தொடை இடுக்கில் விரல் வைத்து நாடி பார்ப்பதும் காரணத்தோடுதான்: இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாயான மகாதமனி ஒடுங்கியிருந்தால் காலுக்குப் போகும் நாடி மெலிந்திருக்கும். இந்த வகைக் குறைகள் சத்தமே காட்டாமலும் இருக்கும். முதல் வாரங்களில் குழந்தை திடீரென்று பால் குடிப்பதை நிறுத்தி, வெளிறி, உடம்பு சில்லிட்டுத் துவண்டால், எக்கோ தேதிக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

எக்கோவில் ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. குழந்தை அசையாமல் இருப்பதுதான் பெரிய பாடு. மயக்க மருந்து தருவதாக இருந்தால் எத்தனை மணி நேரம் பால் தரக்கூடாது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உள்ளே போகும் சமயத்தில் பால் கொடுத்துத் தூங்கவையுங்கள். ஓட்டை எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர், நுரையீரல் அழுத்தம் கூடியிருக்கிறதா, அடுத்த எக்கோ எப்போது என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் பிஎஃப்ஓ என்று மட்டும் இருந்தால் கலங்க வேண்டாம்; இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே கருவில் இருந்த வழி இன்னும் மூடவில்லை என்று பொருள். பெரியவர்களிலும் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அது மூடுவதில்லை.

புதுச்சேரி ஜிப்மரில் இதய மருத்துவமும் இதய அறுவை சிகிச்சையும் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. கடலூர்க்காரர்கள் மாநில எல்லையைத் தாண்டுவதற்கு முன், தங்கள் காப்பீட்டு அட்டை எங்கே செல்லும் என்று கேட்டுவிடுவது நல்லது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் பிறவி இதயக் குறையும் சேர்த்தி. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் மேல்சிகிச்சைக்கு அனுப்பிவைப்பார்கள்.

தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள், இந்தக் குழந்தைகளுக்குச் சளி நெஞ்சில் இறங்கினால் சமாளிப்பது கடினம். உரைமருந்தும் வசம்பும் ஓட்டையை மூடாது. நீர் பிரிய டிராப்ஸ் கொடுத்திருந்தால், ஸ்பூனில் ஊற்றாமல் ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். குழந்தை மருந்தைக் கக்கிவிட்டால், டாக்டரைக் கேட்காமல் இரண்டாம் முறை கொடுக்க வேண்டாம். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாமல் மறுபடி கொடுத்தால் அளவு மிஞ்சிவிடும்.