தீர்க்கதரிசி என்றால் அடித்துச் சொல்பவரா?

"நீங்க தீர்க்கதரிசி டாக்டர். கால்ல புண்ணு வரும்னு மூணு வருசம் முன்னாடியே சொன்னீங்க" என்றார், கட்டுப்போட்ட காலை நீட்டியபடி அந்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சர்க்கரை வந்து பதினைந்து வருடம். பாராட்டுதான்; எனக்குத்தான் உறுத்தியது.

'தீர்க்கமாகச் சொன்னார்' என்று பேசிப் பழகிய வாய் நமக்கு. அதனால் தீர்க்கதரிசி என்றதும் வரப்போவதை அடித்துச் சொல்பவர் என்று எடுத்துக்கொள்கிறோம். வடமொழியில் 'தீர்க்க' என்றால் நீண்ட, 'தரிசி' பார்ப்பவர். தீர்க்காயுசு, தீர்க்க சுமங்கலியில் இருக்கும் அதே தீர்க்கம். நெடுந்தொலைவு பார்ப்பவர், அவ்வளவே. தமிழ் பைபிளில் 1 சாமுவேல் 9:9, தீர்க்கதரிசிக்கு முற்காலப் பெயர் ஞானதிருஷ்டிக்காரன் என்கிறது. அங்கேயும் பார்வைதான். கத்தோலிக்கர் சொல்லும் இறைவாக்கினரில் பார்வை போய் வாக்கு வந்துவிட்டது.

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் மூன்று மீன்கள் கதை வரும். மீனவர்கள் குளத்து நீரை வடிக்க வாய்க்கால் வெட்டுகிறார்கள். தண்ணீர் இறங்குவதைப் பார்த்த ஒரு மீன் முன்கூட்டியே வெளியேறிவிடுகிறது. அதற்கு அருள்வாக்கு எதுவும் வரவில்லை. கண் திறந்திருந்தது.

மூன்று வருடம் முன்பு நான் பார்த்ததும் அப்படித்தான். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழை ஒன்று உண்டு, மோனோஃபிலமென்ட் என்போம். கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் அங்கங்கே தொட்டேன். பெருவிரலடியில் இழை வளைந்து நின்றது; "இன்னும் தொடலியா?" என்று கேட்டார். உணர்ச்சி போன கால் முள் குத்தினாலும் சொல்லாது. சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறையாவது இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், இரண்டே நிமிடம். தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்து.

"இது எங்கய்யா குத்திச்சு?"

"தெரியல டாக்டர். வீட்டுக்குள்ளகூட சர்க்கரைக்காரங்க போடுற மெத்து ரப்பர் எம்.சி.ஆர். செருப்புதான். கோயில்ல கழட்டுவேன். அப்புறம் இங்க."

எட்டிப் பார்த்தேன். 'காலணிகளை வெளியே விடவும்' என்று நான் எழுதி மாட்டிய பலகை வாசலில் தொங்கியது. அன்று மாலையே கழற்றினேன்.