மாஸ்டாவின் முக்கோண எஞ்சினும் அதன் மூன்று முனைகளும்

ஷெட்டிலிருந்து காரை வெளியே எடுத்து வாசலில் நிறுத்திவிட்டு உடனே எஞ்சினை அணைத்துவிடாதீர்கள். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கப் போகிறவரிடம், ஏற்கெனவே அதை வைத்திருப்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். விலை, கலர், மைலேஜ் எல்லாம் அப்புறம். குளிர்ந்து கிடந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் அணைத்தால் மறுபடி அது கிளம்பாமலே போகலாம், பிளக்குகளைக் கழற்றி உள்ளே தேங்கிய பெட்ரோலை வெளியேற்ற வேண்டி வரலாம். சாதாரண காரை வைத்திருப்பவருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் இந்தப் பழக்கத்துக்குக் காரணமான அதே உதிரிபாகம்தான் அந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது, அப்புறம் உலகின் மிகக் கடினமான பந்தயம் ஒன்றில் ஜெயிக்கவும் வைத்தது. பெரிய பாகம் ஒன்றுமில்லை. ஆர்எக்ஸ்-8-ல் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பட்டை.

அந்தப் பட்டை எங்கே இருக்கிறது என்று புரிய, எஞ்சினுக்குள் போக வேண்டும்.

வழக்கமான எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றிலும் அது இரண்டு தடவை முழுதாக நின்று திசை மாறியாக வேண்டும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 200 தடவை நின்று கிளம்புகிறது. சக்கரத்துக்கு வேண்டியதோ சுழற்சி. அப்படியிருக்க மேலும் கீழும் ஏன் ஓட வேண்டும், நேரடியாகவே சுழலும் எஞ்சினை, அதாவது ரோட்டரி எஞ்சினை, செய்தால் என்ன என்று பலர் கேட்டிருக்கிறார்கள். உண்மையிலேயே ஓடக்கூடிய ஒன்றைச் செய்து காட்டியவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கல். என்எஸ்யு என்ற நிறுவனத்தில் 1957-ல் அவருடைய முதல் எஞ்சின் ஓடியது.

இரண்டு பருப்புள்ள நிலக்கடலையின் தோட்டை நெடுக வெட்டினால் ஒரு வடிவம் தெரியும் இல்லையா? இடுப்பு அவ்வளவு ஒடுங்காமல், லேசாக மட்டும் உள்வாங்கிய அதே வடிவம்தான் இந்த எஞ்சினின் வெளிக்கூடு. அதற்குள் ஒரு முக்கோணம், பக்கங்கள் கொஞ்சம் உப்பியது. ஜப்பானியர்கள் அதைச் சோற்று உருண்டை வடிவம் என்கிறார்கள், அவர்கள் ஊரில் சோற்றை முக்கோணமாகத்தான் பிடிப்பார்கள். இந்த முக்கோணம், அதாவது ரோட்டர், ஒரே இடத்தில் நின்று சுழல்வதில்லை. ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: குழவி தானும் சுழலும், குழிக்குள் சுற்றியும் வரும். ரோட்டரும் அப்படித்தான். அதன் நடுவே செல்லும் ஷாஃப்ட்டில் மையம் விலகிய ஒரு வட்டத் தடிப்பு இருக்கிறது, அதன்மேல்தான் ரோட்டர் உட்கார்ந்திருக்கிறது. கூடவே உள்ள பற்சக்கரம் அதை வழி தவறாமல் நடத்துவதால், எந்த நொடியிலும் மூன்று முனைகளும் கூட்டின் சுவரை ஒட்டியே நகரும்.

இப்போது ரோட்டரின் மூன்று பக்கங்களுக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று அறைகள் கிடைத்துவிட்டன. ரோட்டர் நகர நகர ஒவ்வொரு அறையும் பெரிதாகிச் சிறிதாகிறது. பெரிதாகும்போது பெட்ரோலும் காற்றும் உள்ளே வருகின்றன, சிறிதாகும்போது நசுங்குகின்றன, பிளக் பொறி விட்டு எரிந்து விரியும்போது ரோட்டரைத் தள்ளுகின்றன, கடைசியில் புகையாக வெளியே போகின்றன. பிஸ்டன் எஞ்சினில் ஒரே இடத்தில் மாறி மாறி நடக்கும் நான்கு வேலைகளும் இங்கே கூட்டின் நான்கு இடங்களில் நடக்கின்றன. ரோட்டர் ஒரு சுற்று வருவதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும். கலவை வரும், புகை போகும் வாசல்களைத் திறப்பதும் மூடுவதும் ரோட்டரே என்பதால் வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை. இரண்டு ரோட்டர் வைத்த எஞ்சினில்கூட முக்கியமாக அசையும் பாகங்கள் மூன்றுதான்: இரண்டு ரோட்டர், ஒரு ஷாஃப்ட். அதனால் சிறியது, இலேசானது, அதிர்வே தெரியாது. ஆர்எக்ஸ்-8-ல் 8,500 சுற்றைத் தொட்டதும் ஒரு பீப் ஒலி வைத்திருந்தார்கள், எஞ்சின் அவ்வளவு வேகத்தில் ஓடுவதை ஓட்டுபவர் உணராமலே போய்விடுவார் என்பதால்.

சரி, சிக்கல் எங்கே? அந்த மூன்று முனைகளில்.

பக்கத்துப் பக்கத்து அறைகளில் ஒன்றில் தீ எரிகிறது, இன்னொன்றில் நசுக்க வேண்டிய கலவை இருக்கிறது. நடுவில் தடுப்புச் சுவர் என்று இருப்பது ரோட்டர் முனையில் ஒரு பள்ளத்தில் செருகிய, ஸ்பிரிங் வைத்துத் தள்ளப்பட்ட, முனை சீல் என்னும் பட்டை மட்டுமே. பிஸ்டன் ரிங்குக்குச் சிலிண்டர் சுவரோடு வட்டமாக முழுத் தொடர்பு உண்டு, கீழிருந்து ஆயில் தெறித்துக்கொண்டே இருக்கும். முனை சீலுக்கு அந்த வசதி கிடையாது. அது சுவரைத் தொடுவது ஒரு கோட்டில்தான், அதிலும் சாய்வு நொடிக்கு நொடி மாறுகிறது. தீ எப்போதும் கூட்டின் ஒரே பக்கத்தில் எரிவதால் அந்தப் பக்கம் சூடேறி விரியும், குளிர்ந்த கலவை வரும் எதிர்ப்பக்கம் அப்படி விரியாது. இப்படிச் சமமில்லாத சுவரில் ஒரு பட்டை நொடிக்கு எத்தனையோ மீட்டர் உரசிக்கொண்டே போக வேண்டும். உயவுக்காக ஆயிலை அறைக்குள்ளேயே சிறிது சிறிதாக விட்டு எரிக்க வேண்டியிருக்கிறது. ரோட்டரி எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்று குறை சொல்வார்கள், ஆனால் அது கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படி.

உலகமே இந்த எஞ்சினுக்குப் பின்னால் ஓடிய காலம் அது. டைம்லர்-பென்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ், டொயோட்டா, நிசான் என்று பெரிய பெரிய நிறுவனங்கள் உரிமம் வாங்கின. அந்த வரிசையில் ஹிரோஷிமாவில் இருந்த டொயோ கோக்யோவும், அதாவது இன்றைய மாஸ்டா நிறுவனமும், நின்றது. 1920-ல் கார்க் தயாரிக்கும் கம்பெனியாகத் தொடங்கி, 1931-ல் மூன்று சக்கரச் சரக்கு வண்டி செய்து, அதற்கு மாஸ்டா என்று பெயர் வைத்தவர்கள். நிறுவனத்தை வளர்த்த ஜுஜிரோ மட்சுதாவின் குடும்பப் பெயரும், பாரசீகரின் ஞானக் கடவுளான அஹுர மஸ்தாவின் பெயரும் சேர்ந்த பெயர் அது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தபோது ஆலைக்கும் நகர மையத்துக்கும் நடுவில் ஹிஜியாமா என்ற சிறு குன்று இருந்ததால் கட்டடங்கள் பெருமளவு தப்பின. இடிந்துபோன நகரத்தின் மாகாண அலுவலகம் சில மாதங்கள் அந்த ஆலையில்தான் இயங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் மூன்று சக்கர வண்டி உற்பத்தியைத் திரும்பத் தொடங்கினார்கள்.

முதல் காரை 1960-ல்தான் செய்தார்கள். அந்தச் சமயம் பார்த்து ஜப்பான் அரசாங்கம் கார் கம்பெனிகளைச் சில குழுக்களாக இணைக்கத் திட்டமிட்டது. சிறிய கம்பெனி விழுங்கப்பட்டுவிடும். யாரிடமும் இல்லாத ஒன்று கையில் இருந்தால்தான் தனியாக நிற்க முடியும் என்று கணக்குப் போட்ட நிறுவனத் தலைவர் சுனேஜி மட்சுதா, 1961-ல் என்எஸ்யுவுடன் ஒப்பந்தத்தை முடித்தார். வந்து சேர்ந்த ஜெர்மன் எஞ்சின் ஐட்லிங்கில் நடுங்கியது, வெள்ளைப் புகை விட்டது, கொஞ்ச நேரம் ஓடியதும் நின்றுபோனது. பிரித்துப் பார்த்தால் உள்சுவர் முழுக்க அலை அலையாகக் கீறல்கள். பிசாசின் நகக்கீறல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கெனிச்சி யமமோட்டோ என்ற பொறியாளரின் கீழ் 47 பேர் இதற்காகவே ஒதுக்கப்பட்டார்கள். தலைவனுக்காகப் பழி தீர்க்கும்வரை ஓயாத 47 சாமுராய்களின் கதை ஜப்பானில் எல்லோருக்கும் தெரியும், அந்தப் பெயரே இவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. சீலுக்கு எத்தனையோ பொருட்களைப் போட்டுப் பார்த்தார்கள், மாட்டெலும்பு, குதிரையெலும்பு உட்பட. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதற்கு அப்புறம் வருவது. கீறல்கள் ஏன் சீரான இடைவெளியில் அலையாக விழுகின்றன என்று யோசித்தார்கள். தேய்மானம் என்றால் ஒரே சீராகத் தேய வேண்டும். அலையாக விழுந்தால் ஏதோ ஒன்று அதிர்கிறது. சீல் சுவரில் உரசும்போது தன் இயற்கை அதிர்வெண்ணில் துடிக்கிறது, கரும்பலகையில் சாக்பீஸ் தத்தித் தத்திப் புள்ளிக்கோடு போடுமே, அதுபோல. பட்டையின் முனைக்கு அருகே குறுக்கும் நெடுக்குமாகத் துளை போட்டதும் அதிர்வெண் மாறியது, கீறல் அடங்கியது. இத்தனை நாள் பொருளின் கடினத்தில் தேடிய விடை துடிப்பில் இருந்தது. உற்பத்திக்கு வந்தபோது கார்பனில் அலுமினியத்தை ஊடுருவச் செய்த சீலைப் பயன்படுத்தினார்கள்.

1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் என்ற ரோட்டரி கார் விற்பனைக்கு வந்தது. ஒவ்வொன்றும் 491 சிசி என இரண்டு ரோட்டர், 110 குதிரைத்திறன். அதே ஆண்டு என்எஸ்யு கொண்டுவந்த ரோ 80 அழகான கார், ஆனால் சீல்கள் தேய்ந்து எஞ்சின்கள் திரும்பத் திரும்ப மாற்றப்பட்டன. எதிரே இன்னொரு ரோ 80 வந்தால் எத்தனை எஞ்சின் மாற்றியாயிற்று என்று விரல்களை உயர்த்திக் காட்டிக்கொள்வார்களாம். வாரண்டிச் செலவில் நொடிந்த என்எஸ்யு 1969-ல் ஃபோக்ஸ்வேகன் கைக்குப் போனது. மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள்.

மாஸ்டாவுக்கு அடி வேறு பக்கமிருந்து வந்தது. ரோட்டரியின் எரி அறை நீளமாகவும் தட்டையாகவும் இருக்கும், போதாததற்கு எரியும்போதே நகர்ந்துகொண்டும் இருக்கும். ஒரு மூலையில் வைத்த தீ மறுமூலைக்குப் போவதற்குள் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சிவிடும். அதனால்தான் ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக். அப்படியும் கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே வெளியே போகும். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது நகர ஓட்டத்தில் லிட்டருக்கு 4, 5 கிலோமீட்டர் கொடுக்கும் காரை அமெரிக்காவில் யார் வாங்குவார்கள்? விற்பனை சரிந்தது, சுமிடோமோ வங்கி கைகொடுத்துத்தான் நிறுவனம் பிழைத்தது, ஆலைத் தொழிலாளர்களைக் கார் விற்க அனுப்பினார்கள். ரோட்டரியை அன்றே கைவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் பெட்ரோல் செலவை 40 சதவீதம் குறைக்கும் வேலையில் இறங்கினார்கள். 1978-ல் ஆர்எக்ஸ்-7 வந்தது, 2002 வரை மூன்று தலைமுறையில் எட்டு லட்சத்துக்கும் மேல் விற்றது. பிடிவாதம்தான், ஆனால் அந்தப் பிடிவாதத்தின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

1991-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் நான்கு ரோட்டர் கொண்ட 787பி கார் 362 சுற்று ஓடி முதலில் வந்தது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அங்கே ஜெயித்தது அதுவே முதல் தடவை. முன்னால் போன மெர்சிடிஸ் சூடேறி நின்றுபோனது அதிர்ஷ்டம்தான், ஆனால் ஒரு நாள் முழுக்க முழு வேகத்தில் தாங்கியது செராமிக்கில் செய்த முனை சீல்கள். கடைசியாக ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் உடலில் நீர் வற்றி மயங்கிச் சரிந்ததால் பரிசு மேடை ஏற முடியாமல் போனது.

இப்போது வாசலில் நின்ற அந்தக் காருக்கு வருவோம். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் போகும். சூடேறுவதற்குள் அணைத்தால் அந்தப் பெட்ரோல் ஆவியாகாமல் தேங்கி, முனை சீலை ஒட்டிய ஆயில் படலத்தைக் கழுவிவிடும். ஆயில் இல்லாத சீல் காற்றைப் பிடிக்காது, கம்ப்ரஷன் போய்விடும். பிளக்கும் நனைந்திருக்கும். நம் ஊர் பழைய ஸ்கூட்டர் ஓவர்ஃப்ளோ ஆவது போலத்தான், ஆனால் இங்கே உதைத்துக் கிளப்ப வழியில்லை.

இப்படி ஒவ்வொரு பழக்கமும் அந்த மூன்று முனைகளில்தான் போய் முடிகிறது. இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவையாவது ஆயில் அளவைப் பார்ப்பார்கள், டிக்கியில் ஒரு கேன் ஆயில் எப்போதும் இருக்கும். சிலர் டேங்க்கிலேயே 2டி ஆயிலைக் கலந்து விடுகிறார்கள், எஞ்சின் தானாகச் சொட்டும் ஆயில் சீலின் நடுப்பகுதிக்குச் சரியாகப் போவதில்லை என்பது அவர்கள் கட்சி. எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் தினமும் ஒருமுறையாவது சிவப்புக் கோடு வரை முறுக்குங்கள் என்பார்கள், அப்போதுதான் எரிந்த ஆயிலின் கரி சீலைப் பள்ளத்தில் இறுக்கிவிடாமல் இருக்கும். பழைய கார் வாங்குகிறவர் பார்க்க வேண்டியதும் வேறு: காலையில் நன்றாகக் கிளம்பும் கார், ஓடிச் சூடேறிய நிலையில் அணைத்து உடனே ஸ்டார்ட் செய்தால் இழுத்துக்கொண்டே இருக்கிறதா? இருந்தால் சீல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிளக்கைக் கழற்றிச் சுழற்றும்போது காற்று மூன்று மூன்றாகச் சீராக அடிக்க வேண்டும். மூன்றில் ஒன்று மெலிந்தால் எஞ்சினைப் பிரிக்கும் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுவது நல்லது. இந்தத் தொல்லை எல்லாம் தெரிந்தும் வைத்திருப்பவர்கள் ஏன் விற்பதில்லை என்று கேட்டால், அவர்கள் பேசுவது அந்த வழுக்கிக்கொண்டு ஏறும் சுழற்சியைப் பற்றித்தான்.

ஆர்எக்ஸ்-8 2012-ல் நின்றது. 11 ஆண்டுகள் கழித்து ஹிரோஷிமாவின் உஜினா ஆலையில் ரோட்டரி மறுபடி உருவாகத் தொடங்கியது, இந்தத் தடவை எம்எக்ஸ்-30 என்ற மின்சாரக் காருக்காக. ஒரே ரோட்டர், 830 சிசி, சக்கரத்தோடு தொடர்பே இல்லை, பேட்டரிக்கு மின்சாரம் தயாரிப்பது மட்டும் வேலை. பெட்ரோலை அறைக்குள் நேராகவே பீச்சுகிறார்கள், இருபுறத் தட்டுகளை அலுமினியமாக்கி எடையைக் குறைத்திருக்கிறார்கள். முனை சீலையும் விடவில்லை, 2 மில்லிமீட்டராக இருந்த தடிமனை 2.5 ஆக்கியிருக்கிறார்கள்.