ஆர்டர் போடும் முன் தலையை அளந்துவிடுங்கள்

விபத்து வார்டுக்கு ஆளைத் தூக்கிவருகிறவர்கள் சில சமயம் ஹெல்மெட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துவருவார்கள். போன வாரம் அப்படி வந்த ஒன்றில் பெரிய கீறல்கூட இல்லை. தாடைக்குக் கீழே மாட்டும் பக்கிள் பூட்டியபடியே இருந்தது. பையனுக்கோ நெற்றி எலும்பு உடைந்து உள்ளே ரத்தக்கட்டு. "ஹெல்மெட் போட்டுத்தான் சார் போனான். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கு சார். நான்தான் ஆன்லைன்ல வாங்கிக் குடுத்தேன்" என்று அவனுடைய அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. உள்ளே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அளவு 600 மி.மீ., அதாவது 60 செ.மீ. சுற்றளவு என்று இருந்தது. பையன் தலை 57 செ.மீ. தாண்டாது. விழுந்த வேகத்தில் ஹெல்மெட் ஒரு பக்கம் போய்விட்டது, தலை தனியாகத் தரையில் மோதியிருக்கிறது.

இந்தக் கதையை இந்த வருடம் பல தடவை கேட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஹெல்மெட் வாங்கும்போது நம் வீடுகளில் தவறாமல் வரும் வார்த்தை, "கொஞ்சம் பெருசாவே எடு, காத்தோட்டமா இருக்கும்." இந்த எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஹெல்மெட்டுக்குள் காற்று வருவது அதில் உள்ள துவாரங்கள் வழியாக. தலைக்கும் பஞ்சுக்கும் நடுவில் விடும் இடைவெளியில் காற்று வராது, ஆபத்துதான் வரும். இறுக்கமாக இருந்தால் தலைவலி வரும், முடி கொட்டும் என்பார்கள். சரியான அளவில் உள்ள ஹெல்மெட் தலை முழுவதையும் ஒரே சீராகப் பிடிக்கும், அதனால் தலைவலி வராது. முடி கொட்டுவதற்கு ஆயிரம் காரணம் உண்டு, அதற்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள். "பக்கிள் போட்டா கழராதுல்ல டாக்டர்?" என்றும் கேட்கிறார்கள். கழரும். தொளதொள ஹெல்மெட் பக்கிள் பூட்டியிருக்கும்போதே முன்பக்கமாகப் புரண்டு வந்துவிடும், இல்லையென்றால் பின்னால் சரிந்து நெற்றியைத் திறந்து காட்டும். ஹெல்மெட் அணிந்தால் மரணம் சுமார் 42 சதவீதமும், தலைக்காயம் 69 சதவீதமும் குறையும் என்று பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கழன்று ஓடிய ஹெல்மெட்டிடம் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

ஆன்லைனில் விமர்சனம் படித்து வாங்குகிறீர்கள். "லூசா, சௌகரியமா இருக்கு" என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பார்கள். அதைப் படித்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவர் தலை வேறு, உங்கள் தலை வேறு.

டெய்லர் டேப்பை எடுங்கள். புருவத்துக்கு மேலே ஒரு விரல் அகலம் விட்டு, காதுக்கு மேலாக, பின்மண்டை துருத்திக்கொண்டிருக்கும் இடத்தைச் சுற்றி அளவெடுங்கள். டேப் இல்லையென்றால் ஒரு நாடாவைச் சுற்றி ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று முறை எடுத்து, அதில் பெரிய அளவை வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நிறுவனங்கள் பெரும்பாலும் M என்றால் 58, L என்றால் 60 செ.மீ. என்று போடுகின்றன. ஆனால் எல்லா நிறுவனமும் ஒன்றுபோல் இல்லை. நீங்கள் வாங்கப்போகும் நிறுவனத்தின் அளவுப் பட்டியலையே பாருங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் முதலில் சின்னதைப் போட்டுப் பாருங்கள், உள் பஞ்சு சில வாரத்தில் அமுங்கி இடம் கொடுக்கும்.

அளவு சரியாக இருந்தும் சிலருக்குப் பொருந்தாது. சி.டி. ஸ்கேனில் தினமும் பார்க்கிறேன், சிலர் மண்டை முன்பின்னாக நீளம், சிலருக்கு உருண்டை. சுற்றளவு இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். நெற்றியில் ஒரே இடத்தில் குத்தினாலும், பக்கவாட்டில் விரல் நுழைந்தாலும் அந்த மாடல் உங்களுக்கு ஆகாது. திருப்பி அனுப்புங்கள்.

பெட்டியையும் டேகையும் தூக்கி எறியாதீர்கள். வீட்டுக்குள்ளேயே இருபது நிமிடம் போட்டுக்கொண்டிருங்கள். இரண்டு கையாலும் பிடித்து இடம் வலமாகத் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். முழு ஹெல்மெட் என்றால் கன்னத்தை நன்றாகப் பிடிக்க வேண்டும். பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது. கடைசியாக, பக்கிளைப் பூட்டிவிட்டுப் பின்பக்கக் கீழ் விளிம்பைப் பிடித்து மேலாக, முன்னால் தள்ளும்படி வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். கையோடு வந்துவிட்டால் விபத்தில் அது நிற்கவே நிற்காது.

பெண்களிடம் ஒரு வேண்டுகோள். உச்சிக் கொண்டை, கிளிப், சரம் சரமாகப் பூ, இவற்றின்மேல் ஹெல்மெட்டை வைத்தால் அது தலையில் உட்காராது. கூந்தலைக் கழுத்துக்குக் கீழே பின்னிவிட்டு மாட்டுங்கள், பூவை இறங்கியபின் வைத்துக்கொள்ளலாம். கணவரின் L அளவை மாட்டிக்கொண்டு பின்னால் உட்காருவதையும் நிறுத்துங்கள்.

போலிகள் பற்றிச் சுருக்கமாக. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது. ஹெல்மெட்டுக்கான தர விதியைக் குறிக்கும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். முத்திரை தரும் பி.ஐ.எஸ். அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் யார் தயாரிப்பு என்று தெரிந்துவிடும். பழைய ஹெல்மெட்டை இணையத்தில் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒருமுறை நசுங்கியிருந்தால் வெளியே தெரியாது.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் வருவதில்லை, பயம்தான் வருகிறது. வளரும் பிள்ளை என்று பள்ளிச் சீருடையை ஒரு அளவு பெரிதாக எடுப்பதுபோலவே ஹெல்மெட்டையும் எடுக்கிறார்கள். நான்கு வயதுக்கு மேல் ஹெல்மெட் சட்டப்படிக் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைக்கும், அதன் தலைக்குப் பொருந்தும் தனி ஹெல்மெட் வேண்டும் என்று 2022இல் விதி வந்துவிட்டது. தூங்கும் குழந்தையைப் பார்த்துக் கணக்குப் போடாமல், எழுப்பி உட்காரவைத்து அளவெடுங்கள். இன்றைய அளவுக்கே வாங்குங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை டேப்பை மறுபடி எடுங்கள். சிறிதாகிப்போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.