கார்பன் பானெட்டும் பழைய காரின் இரும்பும்

கார்பன் ஃபைபர் பானெட் துருப்பிடிக்காது. ஆனால் அது தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பை வழக்கத்தைவிட வேகமாகத் துருப்பிடிக்க வைக்கும். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் கார்பன் தகடு மாட்ட ஆசைப்படுகிறவர்கள் எடை, பளபளப்பு, விலை என்று பேச ஆரம்பிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். தகடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது இரும்பைச் சந்திக்கும் இடத்தில் என்ன செய்திருக்கிறோம் என்பதுதான் அந்தக் காரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

துருவைப் பற்றிப் பேச காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. ஊர்க்காரர்கள் பேச்சில் அது 'சிக்ரி'. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிறுவனம். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரியும் மின்முலாமும் போல உலோக அரிப்பும் அதன் முக்கியமான ஆய்வுத் துறை. கடல் காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க, ராமேஸ்வரம் அருகே இருக்கும் மண்டபம் என்ற ஊரில் அதற்குத் தனி ஆய்வு மையமே உண்டு. பழைய கார்கள் மேல் பிரியம் உள்ளவர்களுக்கும் செட்டிநாட்டுப் பக்கம் பஞ்சமில்லை. இந்த இரண்டு அக்கறைகளும் சந்திக்கும் இடம் கார்பன் பானெட்.

முதலில் இந்தப் பொருள் என்னவென்று பார்த்துவிடலாம். ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலுக்கு நெருங்கிய உறவான பாலி அக்ரிலோநைட்ரைல் என்ற இழையில்தான் பெரும்பாலான கார்பன் ஃபைபர் தொடங்குகிறது. அதை இழுத்துப் பிடித்தபடி காற்றில் 200 முதல் 300 டிகிரி வரை சூடாக்குவார்கள். பிறகு ஆக்சிஜன் இல்லாத நைட்ரஜன் சூழலில் 1000 டிகிரிக்கு மேல் கொண்டுபோவார்கள். நைட்ரஜன், ஹைட்ரஜன் எல்லாம் வெளியேறி, கார்பன் அணுக்கள் அடுக்கடுக்காக இழையின் நீளவாக்கில் ஒழுங்காகி நிற்கும். இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. இப்படி 3000 இழைகள் சேர்ந்த கற்றையைத்தான் 'த்ரீ கே' என்கிறார்கள். காரில் பார்க்கும் அந்தச் சாய்வுக் கட்டம் போட்ட துணி பெரும்பாலும் இந்தக் கற்றையில் நெய்ததுதான். துணி தனியாக இருந்தால் துவண்டு விழும். எபாக்சி ரெசின் என்ற இறுகும் பசையில் ஊறி இறுகிய பிறகுதான் அது தகடு.

எடைக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்ப்போம், இதில் மிகைப்படுத்தல் அதிகம். பழைய காரின் வெளித்தகடு சுமார் 0.8 மில்லிமீட்டர் இரும்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் 6.3 கிலோ வரும். ஒரு தகடு வளையாமல் நிற்பது பொருளின் விறைப்பை மட்டும் பொறுத்ததல்ல, தடிமனின் மும்மடிப் பெருக்கத்தையும் பொறுத்தது. அதாவது தடிமன் இரண்டு மடங்கானால் வளைவுக்கான எதிர்ப்பு எட்டு மடங்காகிறது. நெய்த கார்பன் தகட்டின் விறைப்பு இரும்பில் ஏறத்தாழ கால் பங்குதான். ஆனாலும் அதை 1.25 மில்லிமீட்டர் தடிமனில் செய்தால் இரும்புத் தகட்டுக்குச் சமமாக நிற்கும். அடர்த்தி இரும்பில் ஐந்தில் ஒரு பங்கு என்பதால் சதுர மீட்டருக்கு 2 கிலோவுக்குள் முடிந்துவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு எடை.

கேட்க அபாரமாக இருக்கிறது. ஆனால் பானெட், டிக்கி மூடி, முன் ஃபெண்டர்கள் என்று 5 சதுர மீட்டர் வெளித்தகட்டை மாற்றினாலும் மிச்சமாவது 20 கிலோ சொச்சம். 900 கிலோ காரில் அது இரண்டு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பானெட் முன் அச்சுக்கு மேலும் முன்னாலும் இருப்பதால் ஸ்டீயரிங்கில் அந்தக் குறைவு ஓரளவு தெரியும். வண்டி பறக்கும் என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். 1981-ல் மெக்லாரன் தன் எம்பி4/1 பந்தயக் காரில் கார்பனைக் கொண்டு பெரிய பாய்ச்சல் காட்டியது உண்மை. அங்கே காரின் எலும்புக்கூடே கார்பன். நாம் மாற்றுவது தோலை.

தகடு செய்யும் முறையைப் புரிந்துகொள்ள, தரை ஓடு செய்யும் ஆத்தங்குடிப் பட்டறைக்கு ஒரு தடவை போய் வந்தால் போதும். அங்கே கண்ணாடியின் மேல் முதலில் நிறக் கலவையை ஊற்றுகிறார்கள், பிறகு மணலும் சிமெண்டும். கடைசியில் கண்ணாடியை எடுத்தால், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம்தான் பளபளக்கும் முகம். கார்பன் தகடும் அப்படித்தான் முகம் கீழே, முதுகு மேலே என்று பிறக்கிறது. மெழுகு பூசிய அச்சில் முதலில் மேல்பூச்சு, பிறகு துணி அடுக்குகள், ரெசின். மேலே பிளாஸ்டிக் உறை போட்டு ஓரங்களை அடைத்துக் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். வெளிக்காற்றின் அழுத்தமே துணியை அச்சோடு நெருக்கி, மிச்ச ரெசினையும் குமிழிகளையும் வெளியேற்றிவிடும். ரெசின் கூடினால் எடை ஏறுமே தவிர வலிமை ஏறாது. கையால் பூசி மட்டும் விட்ட தகட்டுக்கும் காற்றை உறிஞ்சிச் செய்த தகட்டுக்கும் நடுவே இருக்கும் தரவித்தியாசம் இதில்தான்.

அச்சு எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த சிக்கல். பழைய காருக்குப் பெரும்பாலும் ஏதோ ஒரு இரும்புப் பானெட்டின் மேல்தான் அச்சு எடுக்கிறார்கள். அந்தப் பானெட்டில் இருந்த நெளிசலும் பட்டி பார்த்த மேடும் அப்படியே புதுத் தகட்டுக்கு வந்துவிடும். அப்புறம், அந்தக் காலத்துக் கார்களில் இடப்பக்கமும் வலப்பக்கமும் கச்சிதமாக ஒன்றாக இருக்காது. தகடுகளைத் தொழிற்சாலையிலேயே கையால் தட்டி ஒப்பேற்றியிருப்பார்கள். ஐம்பது வருடத்தில் ஒன்றிரண்டு இடிபாடும் டிங்கரிங்கும் நடந்திருக்கும். இரும்பு என்றால் டிங்கர் தட்டி இழுத்துச் சரிசெய்துவிடுவார். கார்பன் தட்டினால் வளையாது, விரிசல்தான் விடும். அதனால் தகடுகளுக்கு நடுவே தெரியும் இடைவெளியைச் சரிசெய்வதெல்லாம் கீல், வாசர், நீள்துளை ஆகியவற்றில்தான். ஓரத்தைத் தேய்க்கலாம், அதற்கும் எல்லை உண்டு. தேய்க்கும்போது தண்ணீர் தெளித்தபடி, நல்ல முகமூடியோடு தேய்க்க வேண்டும். அந்தக் கறுப்புத் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் பக்கத்தில் இருக்கும் மோட்டாருக்கும் ஆகாது.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை. கதவுக்குள் பக்கவாட்டு மோதலைத் தாங்கும் குழாய் இருந்தால் அதை எடுத்துவிட்டு வெறும் கார்பன் தோல் மாட்டக் கூடாது. இரும்பு மடங்கி மடங்கி மோதலின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். மெல்லிய கார்பன் தகடு கூர்மையான சில்லுகளாக உடையும். பானெட், டிக்கி, ஃபெண்டர் என்பதோடு நிறுத்திக்கொள்வதே என் கருத்து.

இனி வெயில். சித்திரை வைகாசியில் காரைக்குடியில் காற்றே 40 டிகிரியைத் தொடும். அந்த வெயிலில் நிற்கும் கறுப்புத் தகட்டின் மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டும். கீழே எஞ்சின் சூடு வேறு. எபாக்சிக்கு ஒரு குணம் உண்டு. குறிப்பிட்ட வெப்பம் வரை கண்ணாடி போல விறைத்து நிற்கும், அதைத் தாண்டினால் ரப்பர் போல இளகத் தொடங்கும். சாதாரண எபாக்சியை அறை வெப்பத்திலேயே இறுகவிட்டால் இந்த எல்லை பெரும்பாலும் 60 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதாவது நம் ஊர் மத்தியானம் அதைத் தாண்டிவிடும். இளகிய ரெசின் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்க, உள்ளே இருக்கும் நெசவு பெயிண்டுக்கு மேல் வரிவரியாகத் தெரியத் தொடங்கும். பானெட் நடுவில் தொய்வும் விழலாம்.

இதற்கு வழி, இறுகிய தகட்டை அச்சோடு சேர்த்து அடுப்பில் மெதுவாக 80 டிகிரி அளவுக்கு ஏற்றிச் சில மணி நேரம் வைத்திருப்பது. மூலக்கூறுகளுக்கு நடுவே விடுபட்ட பிணைப்புகள் அப்போதுதான் முழுமையாகின்றன, இளகும் எல்லையும் மேலே ஏறுகிறது. தகடு வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: என்ன ரெசின், எத்தனை டிகிரியில் சுட்டீர்கள்? பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம். நெசவு வெளியே தெரியும்படி விடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. எபாக்சியைப் புற ஊதாக் கதிர் மஞ்சளாக்கும். அதைத் தடுக்க நல்ல பாலியூரித்தேன் கிளியர் கோட் அடித்து, சில வருடத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். காரின் பழைய வெளிர் நிறத்தையே அடித்துவிட்டால் வெயிலும் குறைவாக ஏறும், காரும் தன் முகத்தோடு இருக்கும்.

சூடு இணைப்பிலும் வேலை காட்டுகிறது. ஒரு மீட்டர் இரும்பு, ஒரு டிகிரிக்கு 12 மைக்ரான் நீளும், அலுமினியம் 23 மைக்ரான். கார்பன் தகடு இரண்டு மூன்று மைக்ரானோடு நின்றுவிடும். கார்பன் இழை நீளவாக்கில் சூட்டுக்குச் சற்றே சுருங்குகிறது என்பது இதில் ஆச்சரியமான விஷயம். 1.2 மீட்டர் அகலத் தகட்டை இரும்புச் சட்டத்தில் மாட்டி, காலையிலிருந்து மத்தியானத்துக்குள் 40 டிகிரி ஏறினால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். இறுக்கமான வட்டத் துளைகளில் போல்ட் போட்டிருந்தால் அந்த அரை மில்லிமீட்டர் துளையின் ஓரத்தைத் தினமும் நசுக்கும். நீள்துளையும் அகலமான வாசரும் வைத்தால் தகடு நகர இடம் கிடைக்கும். ஒட்டுவதானால், விறைத்துப்போகும் எபாக்சியைவிட மில்லிமீட்டர் கணக்கில் தடிமன் உள்ள, ரப்பர் போல இழுபடும் பாலியூரித்தேன் பசை நல்லது.

இப்போது துருவுக்கு வருவோம். இரண்டு வேறு வேறு கடத்திகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இரண்டின் மேலும் உப்போ அழுக்கோ கலந்த ஈரம் படிந்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரி உருவாகிறது. உலோகங்களைக் கடல்நீரில் அவற்றின் மின்னழுத்தப்படி வரிசைப்படுத்தினால் துத்தநாகம், அலுமினியம், இரும்பு ஒரு கோடியில் நிற்கும். பிளாட்டினம், தங்கத்தோடு மறுகோடியில் நிற்கிறது கார்பன். இரும்புக்கும் கார்பனுக்கும் இடைவெளி அரை வோல்ட்டுக்கு மேல். இரும்பு அணு எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகக் கரையும். அந்த எலக்ட்ரான் போல்ட் வழியாகக் கார்பனுக்குப் போகும். அங்கே காற்றிலிருந்து கரைந்த ஆக்சிஜனும் தண்ணீரும் அதை வாங்கி ஹைட்ராக்சைடு ஆகும். இவ்வளவும் நடக்கையில் கார்பன் துளியும் கரைவதில்லை. இரும்பு மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது.

பரப்பளவுதான் இதில் மோசமான பகுதி. எலக்ட்ரானை வாங்கும் பரப்பு பெரிதாகவும் கொடுக்கும் பரப்பு சிறிதாகவும் இருந்தால், அரிப்பு முழுக்க அந்தச் சிறிய இடத்தில் குவியும். சின்ன போல்ட்டைச் சுற்றிக் கார்பன் இழைகள் வெளியே தெரியும் இடமெல்லாம் அதனிடமிருந்து எலக்ட்ரானைக் கறக்கும். தகட்டை ரெசின் மூடியிருக்கிறதே என்று தோன்றலாம். மூடாத இடம் ஒன்று உண்டு. துளை போட்டதும் அதன் உட்சுவரில் ஆயிரக்கணக்கான இழை நுனிகள் அம்மணமாக, நேராகப் போல்ட்டைப் பார்த்தபடி நிற்கின்றன. வெட்டிய ஓரங்களும் அப்படித்தான்.

செட்டிநாடு வறண்ட பூமிதானே என்று அசட்டையாக இருக்க முடியாது. செம்மண் புழுதி கீலுக்கும் தகட்டுக்கும் இடையில் போய் அடைந்துகொள்ளும். மார்கழிப் பனியும் ஐப்பசி மழையும் அதை நனைத்தால் எளிதில் காயாது. தொண்டிக் கடற்கரையும் அப்படியொன்றும் தூரமில்லை.

பட்டறையில் சட்டென்று கைக்கு வருவது அலுமினியப் பாப் ரிவெட். கார்பனுக்கு அதைப் போடவே கூடாது. ரிவெட் வெள்ளைப் பொடியாக உதிரும். துத்தநாக முலாம் பூசிய போல்ட்டும் வேண்டாம், முலாம் சீக்கிரம் கரைந்துவிடும். டைட்டானியம் மிகவும் நல்லது, விலை கட்டுப்படியாகாவிட்டால் 316 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட். விமானங்களில் செய்வதும் இதுதான். எடையில் பாதி, இழையும் ரெசினும் சேர்ந்த கலப்பிழைப் பொருளான போயிங் 787-லும் கார்பனைத் தொடும் இடங்களில் டைட்டானியம் நிறையப் பயன்படுகிறது. தகடு செய்யும்போதே, இரும்பைத் தொடப்போகும் பக்கத்தில் கடைசி அடுக்காகக் கண்ணாடி இழைத் துணி ஒன்றைப் போடச் சொல்ல வேண்டும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, எலக்ட்ரானின் வழி அங்கேயே அறுந்துவிடும். துளையைத் தேவையைவிடப் பெரிதாகப் போட்டு, உட்சுவரில் எபாக்சி பூசி, நைலான் குழல் வைத்து அதற்குள் போல்ட்டை விட வேண்டும். இரும்புப் பக்கம் துரு சுரண்டி, எபாக்சி பிரைமர் அடித்து, பெயிண்ட் முழுதாகக் காய்ந்த பிறகே தகடு ஏற வேண்டும். செலவு என்று பார்த்தால் இவை எல்லாம் தகட்டு விலையில் சின்னப் பங்குதான். ஆனாலும் அதிகம் விட்டுப்போவது இவைதான்.

பானெட்டின் எடை குறைந்ததும், அதைத் தூக்கிப் பிடிக்கும் பழைய ஸ்பிரிங்கோ கேஸ் ஸ்ட்ரட்டோ அதற்கு அதிகமாகிவிடும். மூடிய பானெட்டைக் கீழிருந்து தள்ளிக்கொண்டே இருந்து மூலைகளை வளைக்கும். அதை எடுத்துவிட்டு வலு குறைந்த ஸ்ட்ரட் போட வேண்டும். பூட்டும் கொக்கியை வெறும் ரெசினில் திருகாமல், தகட்டுக்குள் புதைத்த உலோகத் துண்டில் பிடிக்க வைக்க வேண்டும். வேகத்தில் காற்று பானெட்டை மேலே இழுக்கும் என்பதால் பானெட்டை வெளியிலிருந்து பிடித்துக்கொள்ளும் 'பானெட் பின்' இரண்டு கூடுதலாக வைப்பது நல்லது.

கார் ஐம்பது வயதைத் தாண்டியது என்றால் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். 2021-ல் வந்த மத்திய விதிகள்படி விண்டேஜ் பதிவுக்கு வண்டி அசல் வடிவத்தில், உடற்கூட்டில் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும். ஆகவே வெல்டிங் செய்த எதையும் அறுக்காமல், போல்ட்டில் கழலும் தகடுகளை மட்டும் மாற்றி, இரும்பு அசல்களை எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துவதே புத்திசாலித்தனம்.

மாட்டி முடித்ததும் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். தகட்டின் உள் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தை இழை தெரியும்வரை லேசாகத் தேய்த்து ஒரு முனையை அங்கே வையுங்கள். மறுமுனையைக் காரின் உடம்பில், பெயிண்ட் இல்லாத இரும்பில் வையுங்கள். மீட்டர் மின்தடையைக் காட்டாமல் திறந்த சுற்று என்று காட்டினால் கார்பனும் இரும்பும் பிரிந்தே இருக்கின்றன. சில ஓம்கள் காட்டினால் ஏதோ ஒரு போல்ட் இழையைத் தொடுகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றி எது என்று கண்டுபிடித்துக் குழலை மாற்றுங்கள், தேய்த்த இடத்தில் எபாக்சி பூசி மூடுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் கீல் போல்ட்டுகளைக் கழற்றித் துளைகளைச் சுற்றிச் செந்நிறக் கறையோ பெயிண்டில் கொப்புளமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புதுச் சீலன்ட் வைத்து மாட்டுங்கள்.