பழைய ஃபிட்னஸ் பேண்டின் பேட்டரியைப் பட்டினி போடாதீர்கள்

நேற்று கடையைச் சாத்தப்போகும் நேரத்தில் ஒருவர் தன் அம்மாவின் ஃபிட்னஸ் பேண்டைக் கொண்டுவந்தார். "சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது சார். செட்டிங்ஸ்ல ஏதாவது மாத்தணுமா பாருங்க" என்றார். மேசை விளக்குக்குக் கீழே வைத்துப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். டிஸ்ப்ளேயின் ஒரு ஓரம் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கியிருந்தது. அந்த இடுக்கில் சூப்பர் க்ளூ விட்டு அழுத்தி ஒட்டியிருந்தார்கள். பசை வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கண்ணாடி முழுக்கப் படர்ந்திருந்தது. ஒட்டி மூன்று வாரம் ஆகிறதாம். அந்த மூன்று வாரமும் தூக்கக் கணக்கு பார்ப்பதற்காக அந்த அம்மா அதை இரவிலும் கழற்றாமல் கட்டியிருந்திருக்கிறார்.

பிளாஸ்டிக் தகட்டால் மெதுவாக நெம்பிப் பிரித்தேன். தபால் தலை அளவில் தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரி செல், குட்டித் தலையணை போல உப்பியிருந்தது. இந்த மாதத்தில் இது நான்காவது. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உப்பியது கூட எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. பழைய செல் உப்பத்தான் செய்யும். அவர் அடுத்துச் சொன்னதுதான் மனதைக் குடைகிறது. "சுத்தமா ஜீரோ ஆனப்புறம்தான் சார்ஜ் போடணும்னு அம்மாகிட்ட கண்டிப்பா சொல்லி வெச்சிருந்தேன் சார். அவங்களும் ஒழுங்காத்தான் செஞ்சாங்க."

ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள், பாவம். சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு.

இந்த 'ஜீரோ வரைக்கும் இறக்கிவிடு' என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். முன்பு கார்ட்லெஸ் போனிலும் ஷேவரிலும் இருந்தவை நிக்கல் காட்மியம் பேட்டரிகள். பாதி இறங்கிய நிலையிலேயே திரும்பத் திரும்ப சார்ஜ் போட்டால் அந்தப் பாதியோடு அவை நின்றுவிடும் என்று ஒரு குறை அவற்றுக்குச் சொல்லப்பட்டது. 'மெமரி எஃபெக்ட்' என்பார்கள். அதனால் அவ்வப்போது முழுக்க இறக்கிவிட்டு ஏற்றச் சொன்னார்கள். அந்தக் காலத்துக்கு, அந்த பேட்டரிக்கு அது சரி. ஆனால் 1991இல் சோனி லித்தியம் அயன் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதை உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசும் கொடுத்தாயிற்று. நிக்கல் காட்மியம் நம் வீடுகளை விட்டுப் போய்விட்டது, அதற்குச் சொன்ன பத்தியம் மட்டும் போகவில்லை. உங்கள் கையில் இருப்பது லித்தியம். அதற்குப் பட்டினி ஆகவே ஆகாது.

இன்னும் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். முழுச் சார்ஜில் இந்தச் செல் சுமார் 4.2 வோல்ட் காட்டும். பேண்டில் 0 சதவீதம் என்று வந்து அணையும்போது சுமார் 3 வோல்ட் இருக்கும். அதாவது செல் இன்னும் சாகவில்லை, 'இதற்குமேல் என்னிடம் எடுக்காதே' என்று நிறுத்திக்கொண்டிருக்கிறது. உடனே சார்ஜ் போட்டால் பெரிய சேதம் இல்லை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? அணைந்த பேண்டைக் கழற்றி மேசை டிராயரில் போடுகிறோம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மூன்று மாதம் மறந்துவிடுகிறோம். அணைந்து கிடந்தாலும் அந்தச் செல்லில் இருந்து சொட்டுச் சொட்டாக மின்சாரம் கசிந்துகொண்டுதான் இருக்கும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டே கொஞ்சம் குடிக்கும். சுமார் 2 வோல்ட்டுக்கும் கீழே போய்விட்டால் செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேறு இடத்தில் போய்ப் படியும். உள்ளேயே ஷார்ட் ஆவதற்கு வழி இப்படித்தான் பிறக்கிறது. சில பேண்டுகள் இந்த நிலையில் சார்ஜரையே ஏற்காது. "சார்ஜர்ல வெச்சா ஒண்ணுமே வரல" என்று கொண்டுவருகிறார்களே, அதில் நிறைய இந்த டிராயர் கேஸ்தான்.

'ஆனா ஒருதரம் சுத்தமா இறக்கிட்டு ஏத்துனதுக்கப்புறம் நல்லா நின்னுச்சே' என்பீர்கள். இதையும் தினம் கேட்கிறேன். நீங்கள் பார்க்கும் சதவீதம் நேரடியாக அளந்த அளவு இல்லை, பேண்டுக்குள் இருக்கும் சிப் போடும் கணக்கு. செல் கிழடாக ஆக அந்தக் கணக்கு தடம் மாறும். ஒருமுறை அடியிலிருந்து உச்சி வரை ஏற்றினால் கணக்கு மறுபடி ஒழுங்குக்கு வரும். வண்டியில் பெட்ரோல் முள் சரியாகக் காட்ட ஆரம்பித்துவிட்டது என்பதற்காக டேங்கில் பெட்ரோல் கூடிவிடுமா? கூடாது. முள்ளைச் சரிசெய்ய எப்போதாவது ஒருமுறை செய்தால் தப்பில்லை. அதையே வாராவாரம் வைத்தியமாகச் செய்யாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

பேட்டரியின் ஆயுளைச் சுற்றுக் கணக்கில் சொல்வார்கள். 300 முதல் 500 முழுச் சுற்று ஓடினால், புதிதில் இருந்த கொள்ளளவில் சுமார் 80 சதவீதம் மிஞ்சும் என்பது இந்தச் சின்னச் செல்களுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பாதி பாதியாக இரண்டு முறை ஏற்றினால் அது ஒரு சுற்றுதான், இரண்டு இல்லை. ஆகவே 'அடிக்கடி சார்ஜ் போட்டால் சுற்று வீணாகும்' என்ற பயமும் வேண்டாம். இப்போது நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 நாளுக்கு ஒருமுறை ஏற்றும் பேண்டுக்கு வருடத்துக்கு 73 சுற்று. மூன்று வருடத்தில் 220ஐக் கூடத் தொடாது. அப்படியென்றால் மூன்றே வருடத்தில் அது ஏன் இப்படித் தளர்கிறது? ஓடி ஓடி மட்டும் தேய்வதில்லை. சும்மா கிடந்தாலும் செல்லுக்கு வயது ஏறும். சூடும் சேர்ந்தால் வேகமாக ஏறும். 100 சதவீதத்திலேயே நாள் கணக்கில் சார்ஜரில் கிடந்தால் இன்னும் வேகமாக ஏறும். தினமும் சார்ஜ் கேட்கும் ஸ்மார்ட்வாட்சுக்கு ஓட்டம்தான் பெரிய எதிரி. பேண்டுகளுக்கு சூடும் டிராயரும்தான் எமன் என்பது என் அனுபவம்.

வயதான செல் இன்னொரு வேலையும் செய்யும். 25 சதவீதம் இருக்கிறது என்று காட்டும், ஒரு போன் அழைப்பு வந்ததும் பட்டென்று அணைந்துவிடும். ஜனங்கள் இதை சாஃப்ட்வேர் கோளாறு என்று நினைத்து ரீசெட் அடிக்கிறார்கள். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் விஷயம் கண் முன்னாலேயே தெரியும். சும்மா இருக்கும்போது செல் 3.7 வோல்ட் காட்டுகிறது. அதிர்வு மோட்டார் ஓடிய அந்த நொடியில் 3.2க்கு விழுகிறது, டிஸ்ப்ளே இருள்கிறது. மோட்டார் நின்றதும் வோல்ட் திரும்ப மேலே வருகிறது. செல்லுக்குள் மின்தடை கூடிவிட்டது, மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். மாடிப்படி ஏறும்போது முதியவர்களுக்கு இரைக்கிறதே, அந்த மாதிரி. இதற்கு ரீசெட் அடித்து என்ன பிரயோசனம்? ஒத்திசைக்காத நடைக் கணக்கு அழிந்ததுதான் மிச்சம்.

பளுவைக் குறைத்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். ரத்த ஆக்சிஜனை இரவெல்லாம் தொடர்ந்து அளப்பது, டிஸ்ப்ளே எப்போதும் எரிவது, கையைத் தூக்கினாலே திரை விழிப்பது, எல்லா ஆப்பின் அறிவிப்புக்கும் அதிர்வது, வேண்டாத இடத்திலும் ஜிபிஎஸ் ஓடுவது: இவற்றை நிறுத்துங்கள். டாக்டர் சொல்லி இதயத் துடிப்பைக் கவனித்துவருபவர்கள் மட்டும் அவரைக் கேட்காமல் அதில் கைவைக்க வேண்டாம்.

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்னால் பின்பக்கம் இருக்கும் சார்ஜிங் பின்களை ஒருமுறை பாருங்கள். வியர்வை உப்பு, சோப்பு, க்ரீம் எல்லாம் அங்கேதான் போய் உட்காரும். ஈரத்தோடு சார்ஜரில் வைத்தால் பின்னில் அரிப்பு பிடித்துப் பச்சையாகப் படியும். அதன்பின் சார்ஜ் ஏறுவது போலக் காட்டும், ஏறாது. பேட்டரி போய்விட்டது என்று வந்த எத்தனையோ பேண்டுகளை, பழைய மென்மையான டூத் பிரஷ்ஷில் இரண்டு சொட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹால் விட்டுத் தேய்த்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இதை நீங்களே செய்யலாம். குளித்தாலும் ஓடினாலும் துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகுதான் சார்ஜர். இந்த ஒரு பழக்கத்தை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் நிற்கும் காருக்குள் கழற்றி வைக்காதீர்கள். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் ஏற்றாதீர்கள். 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனாலே செல்லுக்கு வேதனைதான். குளிர் நல்லதென்று ஃபிரிட்ஜில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். வெளியே எடுத்தவுடன் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், அத்தோடு சர்க்யூட் போர்டும் போகும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து, செல் நிரந்தரமாகக் கெடும். கொஞ்ச நாள் பயன்படுத்தப் போவதில்லையா? 50 சதவீதம் அளவுக்கு ஏற்றி, அணைத்து வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து ஏற்றுங்கள். அன்றாடப் பயன்பாட்டில் 20க்கும் 80க்கும் நடுவில் வைத்திருந்தால் போதும். 100 வரை போய்விட்டதே என்று பதறவும் வேண்டாம்.

இனி, உப்பலுக்கு வருகிறேன். இங்கே எனக்குச் சமரசம் கிடையாது.

செல் கெடும்போது உள்ளே வாயு உண்டாகும். அது பை போன்ற உறை, வாயு வெளியேற வழியில்லை, அதனால் உப்புகிறது. உப்பினால் முதலில் தூக்குவது டிஸ்ப்ளேயைத்தான். தூக்கிய இடத்தில் நீர்க்காப்பு போய்விட்டது என்று அர்த்தம். வியர்வை நேராக போர்டுக்கும் செல்லுக்கும் போகும். 5 ஏடிஎம் என்று நீரழுத்தம் தாங்கும் அளவைப் பின்னால் பொறித்திருப்பதெல்லாம் இனி எழுத்து மட்டும்தான். இந்த நிலையில் மூடியை அழுத்தி ஒட்டுவது என்ன செயல்? உப்பிய செல்லை மேலிருந்து நசுக்குகிறீர்கள். உள்ளே இரண்டு தகடுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தாள் கிழிந்தால் அது பற்றிக்கொள்ளலாம். அது மேசையில் இல்லை, ஒரு மனுஷியின் மணிக்கட்டில் இருக்கிறது.

சின்னப் பொருள்தானே, என்ன செய்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2022 மார்ச்சில் ஃபிட்பிட் அயோனிக் கடிகாரங்களைத் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம், வெளியே ஏறக்குறைய 7 லட்சம். பேட்டரி சூடேறியதாக அமெரிக்காவில் குறைந்தது 115 புகார்கள், அவற்றில் 78 தீக்காயப் புகார்கள். அது அந்த மாடலின் கோளாறு, எல்லாப் பேண்டுக்கும் அதே கதி என்று நான் சொல்லவரவில்லை. மணிக்கட்டில் கட்டும் செல் என்ன அளவுக்குச் சுடும் என்று தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே டிஸ்ப்ளே தூக்கினாலோ, பின்பக்கம் பிதுங்கினாலோ, சார்ஜ் ஏறும்போது கை வைக்க முடியாத சூடு வந்தாலோ, இனிப்பாக பெயிண்ட் தின்னர் மாதிரி வாடை அடித்தாலோ உடனே கழற்றுங்கள். சார்ஜ் போடாதீர்கள். அழுத்தாதீர்கள். காற்றை வெளியேற்றுகிறேன் என்று ஊசியால் குத்தவே குத்தாதீர்கள். குத்தினால் தீப்பிடிக்கும், வரும் புகையும் நச்சு. தீப்பற்றும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், உலோக டப்பாவிலோ மண் பாத்திரத்திலோ வைத்துவிட்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். குப்பைத்தொட்டியிலும் போடக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே பற்றும், அதில் வேலை செய்பவர்களும் மனிதர்கள்தானே. மின்கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். செல்லைத் தனியாகக் கழற்றியிருந்தால் அதன் முனைகளில் டேப் சுற்றிக் கொடுங்கள்.

பேட்டரி மாற்றலாமா என்று கேட்டால், சில பேண்டுகளில் மாற்றலாம், பலவற்றில் மாற்றும் வேலைக்குப் பொருள் தாங்காது. மாற்றுவதானால் இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, பழைய செல்லில் மூன்று ஒயர் இருந்தால் புதியதிலும் மூன்று இருக்க வேண்டும். மூன்றாவது ஒயர் சூட்டை அளப்பதற்கு. எங்கள் தொழிலிலேயே சிலர் இரண்டு ஒயர் செல்லைப் போட்டு, மூன்றாவதுக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை வைத்து போர்டை நம்பவைத்துவிடுகிறார்கள். செல் கொதித்தாலும் பேண்டுக்கு இனி தெரியாது. இதைச் செய்பவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. இரண்டாவது, மூடியைத் திறந்து ஒட்டிய பேண்டு அழுத்தச் சோதனை செய்யாத வரை நீச்சலுக்கு ஆகாது. கைகழுவும் நீர் போதும் அதற்கு.

அந்தப் பையனுக்கு பேண்டைத் திருப்பித் தரவில்லை. செல்லைக் கழற்றி மணல் டப்பாவில் போட்டேன். அம்மாவின் நடைக் கணக்கு எல்லாம் போனில் ஒத்திசைந்திருந்தது, எதுவும் போகவில்லை. "இத்தனை நாள் கையில கட்டிக்கிட்டு தூங்குனாங்களே" என்று ரொம்ப நேரம் அந்தச் செல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்பாவோ அம்மாவோ பழைய பேண்டு ஒன்றைக் கட்டியிருப்பார்கள். 'சார்ஜ் நிக்கல' என்று அவர்கள் ஒருவேளை சொல்லக்கூட மாட்டார்கள். இன்று ராத்திரி அவர்கள் தூங்கப் போவதற்கு முன்னால் அதைக் கழற்றி வாங்கி, விளக்குக்கு நேரே பக்கவாட்டில் பிடித்து, ஓரம் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.