உங்கள் கூட்டத்தில் எத்தனை சேவல்?

அடை வைத்த 12 முட்டையில் 4 தான் பொரித்தது என்று ஒரு அம்மா கோழியையும் மிச்ச முட்டைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். கோழிக்கு நோய் எதுவும் இல்லை. தீவனம், முட்டையைச் சேர்த்து வைத்த விதம் எல்லாம் விசாரித்தேன். அதிலும் குறை தெரியவில்லை. முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்தேன். மூன்று கூமுட்டை. மற்ற ஐந்திலும் கரு பாதியிலேயே செத்திருந்தது. ஒன்றில் இறகெல்லாம் முளைத்த முழுக் குஞ்சு, ஓட்டைக் கொத்தும் நிலையில் அப்படியே நின்றுவிட்டிருந்தது.

"சேவல் எத்தனை வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுதான் டாக்டர். அதுக்கு முன்னாடி அதோட அப்பன் இருந்துச்சு."

எனக்கு விடை கிடைத்துவிட்டது. பல வருடமாக அந்தக் கூட்டத்தில் அப்பன், மகள், அண்ணன், தங்கை என்று உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை நடந்திருக்கிறது. அதன் முதல் அடி பொரிப்பில்தான் விழும்.

ஒரு சேவல், பத்துப் பெட்டை என்றால் கண்ணுக்கு 11 கோழி. ஆனால் மரபியல் கணக்கில், அடுத்த தலைமுறைக்கு உண்மையில் பயன்படும் எண்ணிக்கை வேறு. சேவல் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அதை 4 மடங்காக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். 40-ஐ 11-ஆல் வகுத்தால் 3.6 தான். இந்த நிலையில் ஒவ்வொரு தலைமுறையிலும் உறவுக்கலப்பு சுமார் 14% கூடும். அதே 11 கோழியில் 5 சேவல், 6 பெட்டை இருந்தால் எண் 10.9 ஆகிவிடும், உறவுக்கலப்பு 5 சதவீதத்துக்குள் நிற்கும். ஓர் இனத்தைக் காப்பாற்ற இந்த எண் குறைந்தது 50 ஆவது இருக்க வேண்டும் என்கிறது ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு. தனி ஒருவர் கூட்டத்தில் அது நடக்காது. அதனால்தான் நாட்டுக்கோழி இனத்தைப் பத்து வீடு சேர்ந்துதான் காப்பாற்ற முடியும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

நாட்டு இனம் போனால் என்ன, பண்ணைக்கோழி இருக்கிறதே என்று கேட்பார்கள். 2008-இல் வந்த ஓர் ஆய்வு, வணிகக் கோழி வம்சங்களில் மூதாதை இனங்களின் மரபணு வேறுபாடு பாதியோ அதற்கு மேலோ இல்லாமல் போயிருப்பதைக் காட்டியது. தொலைந்ததைத் திரும்ப எடுக்க நாட்டு இனங்களிடம்தான் வர வேண்டும். மொட்டைக் கழுத்துக் கோழியை வெயிலில் பாருங்கள். ஒரே ஒரு மரபணு இறகை 20 முதல் 40% வரை குறைத்துவிடுகிறது. மற்றவை வாயைப் பிளந்து மூச்சு வாங்கும்போது அது மேய்ந்துகொண்டிருக்கும். எகிப்தின் ஃபயூமி இனம் வெள்ளைக் கழிச்சல் கிருமியை லெகார்ன் என்ற முட்டைக்கோழி இனத்தைவிட நன்றாகத் தாங்குவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அடை உட்காரும் குணத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். முட்டைக்காக வளர்க்கும் வம்சங்களில் அதைக் கிட்டத்தட்ட கழித்தே விட்டார்கள். கலப்பினச் சேவலைத் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருந்தால், சில தலைமுறையில் உங்கள் பெட்டைகளும் அடையை மறக்கலாம்.

மாட்டுக்குச் செய்வதுபோல விந்தை உறையவைத்தால் போதாதா? பறவையில் பெண்ணுக்குத்தான் இசட், டபிள்யூ என்று இருவகைப் பால் குரோமோசோம். விந்தில் டபிள்யூ கிடையாது, தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியாவும் (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) விந்து வழியாகக் குஞ்சுக்குப் போகாது. அதனால் விந்தை மட்டும் வைத்து இனத்தை முழுதாகத் திரும்ப எடுக்க முடியாது. மஞ்சள் கருவோடு இருக்கும் முட்டையை உறையவைக்கவும் முடியாது. கருவிலிருந்து இனப்பெருக்க மூலச் செல்களை எடுத்து உறையவைக்கும் முறை இருக்கிறது, ஆனால் அது ஆய்வகத்து வேலை. நம் கையில் இருப்பது உயிரோடு மேயும் கூட்டம்தான்.

சரி, வழி என்ன? அதே இனத்தை வளர்க்கும் நாலைந்து பேர் சேருங்கள். முதல் வீட்டு இளம் சேவல்கள் இரண்டாம் வீட்டுக்கு, இரண்டாம் வீட்டுடையவை மூன்றாம் வீட்டுக்கு, கடைசி வீட்டுடையவை முதல் வீட்டுக்கு. பெட்டைகள் இடம் மாறக் கூடாது. ஒவ்வொரு தலைமுறையிலும் இதே வரிசையில் சுற்ற வேண்டும். நோய் பார்த்து, இரண்டு மூன்று வாரம் தனியே வைத்த பிறகே புதுச் சேவலைக் கூட்டத்தில் விடுங்கள்.

அந்த அம்மாவும் தூரத்து ஊர் உறவினரிடமிருந்து அதே இனத்தில் இரண்டு சேவல் வாங்கிவந்தார். அன்றைக்கே முட்டையை அடைக்குச் சேர்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பெட்டை பழைய சேவலின் விந்தை இரண்டு மூன்று வாரம் உடம்புக்குள் சேமித்து வைத்திருக்கும். பழைய சேவலைப் பிரித்து, மூன்று வாரம் கழித்து இடும் முட்டைகளில் மட்டும் பென்சிலால் தேதி எழுதி அடை வைக்கச் சொல்லி அனுப்பினேன்.